டிக்கிக் கண்ணாடியின் ஒழுக்கவியல்

பழைய கார் வைத்திருப்பவர் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். கார்புரேட்டர் வரும், கிளட்ச் வரும், என்றோ ஊட்டி மலை ஏறிய கதையும் வரும். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் இரண்டு சொம்புத் தண்ணீர் நிற்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். அறிஞர் உலகமும் இந்த விஷயத்தில் நெடுங்காலமாக மௌனம் சாதித்து வருகிறது. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் வயதேறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்கதவுக் கண்ணாடி ஏன் ஒழுகுகிறது, எங்கே ஒழுகுகிறது, எப்படி அடைப்பது என்னும் மூன்று வினாக்களை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொருள் வரையறை

பின்கதவு என்பது கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் கதவு. பேச்சுவழக்கில் அதுவும் டிக்கிதான். ஆனால் வேறுபாடு பெரிது. அம்பாசடரில் டிக்கி தனி அறை. மழை புகுந்தால் பெட்டி நனையும், அவ்வளவே. பின்கதவுள்ள காரில் டிக்கியும் பின்சீட்டும் ஒரே கூடம். அங்கே தேங்கிய நீர் மூன்றாம் நாள் ஓட்டுபவரின் மூக்குக்கு வந்து சேரும். எனவே இத்துறையின் முதல் ஆய்வுக்கருவி மூக்கு.

வரலாறு சுருக்கமானது. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் கூப்பேயின் பின்கதவு பக்கவாட்டில் திறந்தது. 1965-இன் எம்ஜிபி ஜிடியில் அது மேலே எழுந்தது. 1976-இல் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன: ஜெர்மனியில் போர்ஷே 924, இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1. எல்லாவற்றிலும் அழகுக்காகக் கண்ணாடியைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். நிமிர்ந்த கண்ணாடியில் மழைநீர் வழிந்து போய்விடும். படுத்த கண்ணாடியில் அது சற்றுத் தங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, வழி தேடும்.

2. சென்னைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

ரோவர் எஸ்டி1-க்குச் சென்னையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. பெருங்களத்தூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், அதே உடலை நம் சாலைகளுக்காகச் சற்றுத் தூக்கிக் கட்டி, 1985 முதல் 1988 வரை ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற பெயரில் தயாரித்தது. கண்ணாடி சாய்ந்த பெரிய பின்கதவும் கூடவே வந்தது.

இது ஸ்போர்ட்ஸ் கார்தானா என்ற கேள்வியைத் தாண்டாமல் ஆய்வு நகராது.

பூர்வபட்சம்: ஆகாது. நான்கு பக்கக் கதவுகள் உள்ளன. எஞ்சினோ 1940-களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் வழிவந்தது. அதே எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதிருக்கிறது.

சித்தாந்தம்: ஆகும். உடலை வரைந்த டேவிட் பாச், ஃபெராரி டேடோனாவை மனத்தில் வைத்தே வரைந்தார். மூலமான ரோவர் 1977-இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது பெற்றது. தவிர, அந்த டிராக்டர் குடும்பத்து எஞ்சின்தான் 1953-இன் டிரையம்ஃப் டிஆர்2-விலும் ஓடியது. டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதன் கொள்ளளவு 1991 சிசி. ஸ்டாண்டர்ட் 2000-இன் கொள்ளளவும் 1991 சிசி. பின்னதை டிராக்டர் என்று தள்ளுபவர் முன்னதையும் தள்ள வேண்டும். அதற்கு எவருக்கும் துணிவில்லை. எனவே வழக்கு தள்ளுபடி.

‘விண்டேஜ்’ என்ற மரியாதையாவது உண்டா என்றால், அதற்கும் காலம் கனியவில்லை. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த காருக்கே அந்தத் தகுதி. ஆகவே முதல் ஸ்டாண்டர்ட் 2000-கூட 2035 வரை வெறும் ஒழுகுகிற கார்தான்.

3. திணைப் பகுப்பு

ஒழுக்கு எல்லா ஊரிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. சென்னையின் களத்தை மூன்று திணைகளாகப் பகுக்கலாம்.

அடையாறும் பெசன்ட் நகரும் நெய்தல். கடலிலிருந்து வரும் உப்புக்காற்று கண்ணாடி ஓரத்துத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்து ரப்பரை மேலே தள்ள, இடுக்கு பிறக்கிறது. காந்தி நகரின் தூங்குமூஞ்சி மரங்கள் தம் பங்குக்குச் சிற்றிலைகளை உதிர்த்து, அவ்விடுக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கின்றன. இத்திணையின் உரிப்பொருள் இரங்கல். துருவைப் பார்த்த உரிமையாளர் இரங்காமல் என்ன செய்வார்?

தி.நகர் பாலை. பனகல் பூங்காவைச் சுற்றிய தெருக்களில் நிழலில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. நாள் முழுக்க வெயில் தின்ற ரப்பர் பீடிங் கெட்டியாகி, சுருங்கி, மூலைகளில் கண்ணாடியை விட்டு விலகுகிறது. உரிப்பொருள் பிரிதல்.

மயிலாப்பூர் முல்லை. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய காரை வெளியே எடுப்பதே ஒரு முயற்சி என்பதால், அது உறைபோட்டு வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். உறைக்குள் ஈரம் புழுங்கும், உள்ளே கம்பளம் பூசணம் பூக்கும். உரிப்பொருள் இருத்தல். சாம்பிராணி போடும் வழக்கம் இங்கே காணப்பட்டாலும், அது வாசனையை மாற்றுகிறதே தவிர நீரை வெளியேற்றுவதாகத் தெரியவில்லை.

4. காரணவியல்

பொருள்கள் வெயிலில் விரிகின்றன, ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. சித்திரை வெயிலில் நின்ற காரின் கண்ணாடிக்கும் அதே கண்ணாடியின் விடியற்காலை நிலைக்கும் 40 டிகிரி வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீளும். எஃகு 0.5 மில்லிமீட்டர் நீளும். அலுமினியமோ 0.9. இருவேறு அளவில் நீளும் கண்ணாடியையும் உலோகத்தையும் இணைத்துவைத்திருப்பது நடுவிலுள்ள பசை. தினமும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை சுருங்கி, அதன் பொறுமை ஒருநாள் தீர்கிறது.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று போர்ஷே 944. 1982 முதல் 1991 வரை தயாரான இந்தக் காரில், 924-இல் போலவே, வளைந்த பெரிய பின்கண்ணாடியை அலுமினியச் சட்டத்தில் பசையால் ஒட்டியிருந்தார்கள். கதவைத் தூக்கிநிறுத்தும் கேஸ் ஷாக்குகள் சட்டத்தை ஒரு பக்கம் தள்ள, கண்ணாடியின் கனம் மறுபக்கம் இழுத்தது. போதாக்குறைக்குக் கீழே இரு மூலைகளிலும் பூட்டு. ஒன்று விடுபட்டு மற்றொன்று மாட்டிக்கொண்ட நேரத்தில் அவசரப்பட்டுத் தூக்கினால் கண்ணாடியும் சட்டமும் முறுக்கிக்கொள்ளும். முதலில் கடகட ஓசை, பிறகு காற்று, பிறகு தண்ணீர். இந்த வரிசையை உலகெங்கும் 944 வைத்திருப்பவர்கள் மனப்பாடமாக அறிவார்கள்.

5. நீர் புகும் இடம்

இத்துறையின் தலையாய சிக்கல் இது: ஈரம் தெரியும் இடம் வேறு, நீர் புகும் இடம் வேறு. ஸ்டெப்னிக் குழியில் நிற்கும் நீர் கூரைக்கருகே உள்ள கீல் வழியாக நுழைந்து, உட்பக்கத் துணிக்குப் பின்னால் இறங்கி, ஓரத்தகட்டின் வழியே நடந்து வந்திருக்கலாம். வாயில்கள் நான்கு: கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலான பசை அல்லது ரப்பர், கதவுக்கும் உடலுக்கும் இடையிலான பீடிங், கீல்கள், பின்விளக்குகளின் அடியிலுள்ள ரப்பர். நான்கில் எது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றுவது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது.

சோதனைகளும் நான்கு. இருட்டியபின் ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொள்ள, மற்றவர் வெளியே டார்ச் அடிக்கலாம். பஸ் டிக்கெட்டைப் பீடிங்கின் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கலாம். பிடிப்பில்லாமல் வந்தால் அங்கே இடைவெளி. பீடிங்கில் முகப்பவுடர் தூவிச் சாத்தித் திறந்தால், கதவில் பவுடர் படியாத இடம் குற்றவாளி. மயிலாப்பூரில் கைவசம் திருநீறு இருக்குமாதலால் அதையே கருவியாகக் கொள்ளலாம் என்பது ஆய்வாளர் துணிபு. கடைசியாகத் தோட்டத்து ஹோஸ். அதைக் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும். மேலிருந்து காட்டினால் எல்லா வாயில்களும் ஒரே சமயத்தில் வாக்குமூலம் தரும், எதையும் நம்ப முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கை கூடாது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், எஞ்சின் புகை அங்கேயே சுழலும். நீர் நுழையும் இடுக்கு வழியாக அதுவும் நுழையும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் புகை வாடை வந்தால் மழை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

6. சுவடியியல்

நாற்பது வயதுக் காரின் கண்ணாடி ஓரத்தைக் கத்தியால் சுரண்டினால் பல கைகள் எழுதிய சுவடி கிடைக்கும். அடியில் மூலம்: தொழிற்சாலை வைத்த கருப்புப் பசையோ ரப்பரோ. அதன்மேல் முதல் உரையாசிரியர் வைத்த பட்டி. அதன்மேல் எம்-சீல். அதற்கும் மேல், அவசரத்தில் ஒரு தீபாவளி மழைக்கு முந்தின நாள் பிழிந்த வெள்ளை சிலிக்கான். ஒவ்வொருவரும் முந்தையவரின் பிழையை நீக்காமல் அதன்மேலேயே தம் திருத்தத்தை எழுதியிருப்பார். முழுக்க இடைச்செருகல்.

இவர்களை மூன்று மரபினராக வகுக்கலாம். எம்-சீல் மரபினர் உறுதியை நம்புபவர்கள். குழாய்க்கு அது சரி. ஆனால் கல்லாய் இறுகும் பொருள் விரிந்து சுருங்கும் இடத்தில் விரிசல் விடும். சிலிக்கான் மரபினர் நெகிழ்வை நம்புபவர்கள். ஆனால் கடையில் எளிதில் கிடைக்கும், புளிக்காடி வாடை வீசும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அடியில் தகடு துருப்பிடிக்கும். அதைவிடக் கேடு, சிலிக்கான் தொட்ட இடத்தில் பிறகு சரியான பசையும் ஒட்டாது. தார்ப்பாய் மரபினர் எதையும் நம்பாதவர்கள். வெள்ளோட்டமாக மூன்று மழைக்காலம் பார்த்தால் அவர்கள் கார்தான் அதிகம் நனையாமல் இருந்திருக்கும், ஆனால் ஓடியும் இருக்காது.

7. பதிப்பு முறை

செம்பதிப்புக்கு முதலில் இடைச்செருகல்களை நீக்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி இதுவே. கூலி பேசும்போது புதுப் பசையின் விலையைக் கேட்கும் உரிமையாளர்கள், சுரண்டும் நேரத்தைக் கேட்பதில்லை. சிலிக்கான் இருந்தால் தடமே தெரியாமல் போக வேண்டும். தொழிற்சாலையின் பாலியூரித்தேன் பசை தகட்டோடு உறுதியாக இருந்தால் மட்டும் அதை ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிவிட்டு அதன்மேலேயே புதியதை வைக்கலாம். துரு இருந்தால் தகடு தெரியத் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும்.

ரப்பரில் உட்காரும் கண்ணாடி என்றால் முறை வேறு. ரப்பரைக் கண்ணாடிக்குப் பூட்டி, அதன் உட்காடியில் நைலான் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைச் சிறிது சிறிதாக உருவுவார். ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி மடங்கி உட்காரும். இருவரின் மனவோட்டமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கண்ணாடி உடைவது பெரும்பாலும் கருத்து வேறுபாட்டினால்.

ஒட்டும் கண்ணாடி என்றால் கடைக்காரர்கள் சொல்லும் ‘பேஸ்டிங்’. கண்ணாடி ஓரத்தில் கருப்புப் பிரைமர் அவசியம், ஏனெனில் வெயிலின் புற ஊதாக்கதிர் பாலியூரித்தேனைத் தின்றுவிடும். பிறகு பசையை இடையறாத கோடாக வைத்து, கண்ணாடியை அமர்த்தி, டேப்பால் பிடித்துவைக்க வேண்டும். பசை காயும்வரை பக்கக் கண்ணாடி ஒன்றைச் சற்று இறக்கி வைப்பது நலம். மூடிய காரில் கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று ஈரப்பசையைப் பிதுக்கிவிடும்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஒற்றைக் குழாயில் வரும் இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம். நீரைத் தடுக்க வந்தது நீரின் உதவியின்றிக் காயாது. அந்த வகையில் சென்னையின் புழுக்கம் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது.

8. காலம்

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பதிவானது. விளைவு, ஒழுக்கு பற்றிய நினைவு மூன்று மாதமே நீடிக்கிறது. பொங்கலுக்குக் கம்பளம் காய்ந்துவிடும், உரிமையாளரும் தெளிந்துவிடுவார். மறுபடி ஐப்பசி அடைமழையில்தான் கண்ணாடிக் கடைக்கு ஓடுவார். அப்போது ஊரே அங்கே நிற்கும். தகட்டில் ஈரம் இருக்கும்போது ஒட்டவும் முடியாது. பங்குனியில் வந்தால் தனியொருவராக ராஜமரியாதை கிடைக்கும். பங்குனியில் வந்தவர் எவரும் இதுவரை ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

9. மேலாய்வுக்குரியது

எஞ்சிய சிக்கல் உதிரிபாகம். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் வேறு கார்களின் பீடிங்கை வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம், மூலைகளில் மட்டும் அது மூலப் பிரதியோடு ஒத்துவராது. பெருங்களத்தூர் தொழிற்சாலை 2006-இல் கைமாறி, பின்னர் இடிக்கப்பட்டது. அங்கே மிஞ்சிய ஸ்டாண்டர்ட் 2000 உதிரிபாகங்களில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது இங்கிலாந்தின் லிங்கன் நகரருகே உள்ள ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம். அவை அங்கே ரோவர் எஸ்டி1 வைத்திருப்பவர்களுக்குப் பயன்பட்டன. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி வாங்கியிருக்கக்கூடிய சாமானுக்கு தி.நகர்க்காரர் இன்று பவுண்டில் பணம் கட்டி, கப்பல் செலவு கொடுத்து, சுங்கவரியும் செலுத்த வேண்டியிருக்கலாம். அப்படி வரும் பொருளை இறக்குமதி என்பதா, ஊர் திரும்பியது என்பதா என்று சுங்க அதிகாரியிடம் வாதாடத் தகுந்த ஓர் ஆய்வாளரை இத்துறை எதிர்பார்த்திருக்கிறது.