ஒன்றரை டன்னைச் சுவர் தாங்குமா?

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரம், மத்தியானத்தில் முதுகைச் சாய்த்தால்கூடச் சில்லென்றிருக்கும் சுண்ணாம்புச் சுவர். 1985 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த அருமையான சுவரில் ஓட்டை போடுவதற்காக உளியும் சுத்தியலுமாக நான் போய் நின்றேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டாப்பா, ஒன்றரை டன்னுங்கறாளே, சுவர் தாங்குமோ?"

நான் சிரித்தேன். பதினெட்டு வயது, ஐ.டி.ஐ. முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சட்டைப் பையில் புது டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது. சிரிக்காமல் என்ன செய்வேன்? "அது வெயிட் இல்ல பாட்டி, கூலிங்" என்றேன். "கூலிங்கை எவண்டா தராசுல நிறுத்தான்?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பதில் தெரியாது. அவசர அவசரமாக உளியை எடுத்துச் சுவரைக் கொத்த ஆரம்பித்தேன். அந்த ஜன்னலில் அதுவரை தொங்கிய வெட்டிவேர்த் தட்டியைக் கழற்றி மடக்கிப் பரணில் போட்டதும் இந்தக் கைதான். இன்றைக்கும் வெட்டிவேர் வாசம் எங்கேயாவது வந்தால் ஏதோ திருடிவிட்டு வந்தவனைப் போல ஒரு குறுகுறுப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். திருவல்லிக்கேணியில் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒரு கடை. அன்று சாயங்காலம் அவர் ஸ்கூட்டரின் பின்னால், கேஸ் சிலிண்டரைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் வரும்போது பாட்டியின் கேள்வியை மெல்ல அவர் காதில் போட்டேன். பாய் ஐஸ் ஹவுஸ் எதிரில் வண்டியை நிறுத்தினார். "அந்தக் கட்டடத்தப் பாரு. அதுலதான் உன் டன் இருக்கு" என்றார்.

1842இல் கட்டின கட்டடம். பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி அனுப்பி, இங்கே சேமித்து வைத்து வெள்ளைக்காரத் துரைகளுக்கு விற்றார். பின்னாளில் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். குளிர் என்றால் ஐஸ், ஐஸ் என்றால் எடை என்றிருந்த காலத்துக் கணக்கு அது. 2,000 பவுண்டு ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதே சூட்டை ஒரு நாளில் வெளியே தள்ளுகிற மிஷினுக்குப் பெயர் ஒரு டன். ஆக, நாங்கள் மயிலாப்பூரில் மாட்டின ஒன்றரை டன் மிஷின், தினமும் 1,360 கிலோ ஐஸ் பார்க்கிற வேலையைப் பார்த்தாக வேண்டும். பாட்டி பயந்ததில் தப்பே இல்லை.

"இன்னொண்ணு கேட்டுக்கோ" என்றார் பாய். "இது குளிரை உண்டாக்குற மிஷின் இல்ல. சூட்டை இறைக்குற மிஷின். எங்க ஆற்காட்டுப் பக்கம் மாடு கட்டிக் கவலையில தண்ணி இறைக்கறோமே, அந்த மாதிரி. உள்ளாற இருக்குற சூட்டை மொண்டு வெளிய கொட்டும். அவ்ளோதான்." புத்தகத்தில் இதைத்தான் ஹீட் பம்ப் என்கிறார்கள். கம்ப்ரஸர்தான் மாடு, கேஸ்தான் சால். இறைத்த சூடு எந்த வயலுக்குப் பாய்கிறது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் பாய்கிறது என்பதைப் பிற்பாடு எத்தனையோ சண்டைகளில் நடுவராக நின்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்து ஏ.சி.க்கு ஒரு கௌரவம் இருந்தது. கம்ப்ரஸர் கிளம்பும்போது வீட்டு விளக்குகளெல்லாம் ஒரு தடவை கண்சிமிட்டும். பெரியவர் எழுந்து வருகிறார் என்று எல்லோரும் ஒதுங்கி நிற்கிற மாதிரி. அதற்கு முன்னாலேயே ஃபிரிஜ்ஜை அணைத்துவிடுவார்கள். ஸ்டெபிலைசர் டொக் டொக் என்று இரண்டு தடவை முனகும். வீட்டுக்கு ஒரே ஏ.சி. என்பதால் ராத்திரி தாத்தாவிலிருந்து விருந்தாளிப் பிள்ளைகள் வரை வரிசையாகப் பாய் விரித்து, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து அடைத்துவிட்டுப் படுப்பார்கள். மறுநாள் நான் ஃபில்டர் துடைக்கப் போனால், யார் குறட்டை, யார் உளறல், யார் நடு ராத்திரியில் போர்வையை இழுத்தது என்று பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். அதற்கெல்லாம் நடுவில் டபரா டம்ளரில் எனக்கும் ஒரு காபி வந்துவிடும்.

இப்போது படுக்கையறைக்கு ஒன்றாக நாலு ஏ.சி. சத்தமே வராது, இன்வர்ட்டர் மிஷின் எப்போது ஓடுகிறது, எப்போது அடங்குகிறது என்பது மின்சார வாரியத்துக்கு மட்டும் தெரியும். வீட்டிலும் சத்தம் இல்லை. நாலு அறைக்குள்ளும் நாலு பேர், நாலு டிகிரி வித்தியாசத்தில்.

என் இளவயதுப் பாவங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய மிஷினைப் பிரிக்கும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆர்-22 கேஸை யாரும் சேர்த்து வைப்பதில்லை. வால்வைத் திறந்து வானத்தில் விட்டுவிடுவோம். புஸ்ஸென்று ஒரு சீறல், குழாய் முனையில் வெள்ளையாகப் பூக்கும் உறைபனி. அதை வீணாக்குவானேன் என்று, பாய் கடையில் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்துப் பெட்டிக்கடை கோலி சோடாவை அந்தச் சீறலுக்கு நேராகப் பிடிப்பேன். அரை நிமிஷத்தில் பாட்டிலுக்கு வெள்ளை மீசை முளைத்துவிடும். அப்படி ஒரு சோடாவை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. சரியாக அதே 1985 மே மாதத்தில்தான் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூன்று பேர், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வருஷா வருஷம் மெலிந்துபோகிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். எனக்கு அந்தச் சேதி எட்டப் பல வருஷமாயிற்று. எட்டிய அன்று முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தச் சோடாதான்.

காணாமல் போன இன்னொரு சந்தோஷம், ஹாலைடு டார்ச். கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற விளக்கு. அதன் ரப்பர் குழாயைச் செம்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நீலமாக எரிகிற சுடர், ஒழுகும் இடம் வந்ததும் திடீரென்று பச்சையாகும். மயில் கழுத்துப் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள் கற்பூர ஆரத்தி கண்ட மாதிரி "ஆ" என்பார்கள். சுடர் பச்சையானதற்குக் காரணம் கேஸில் இருந்த குளோரின். ஓசோனைத் தின்றதும் அதே குளோரின். இப்போது வரும் ஆர்-32இல் குளோரினும் கிடையாது, பச்சையும் கிடையாது. போதாக்குறைக்கு அது கொஞ்சம் தீப்பிடிக்கிற ரகம் என்பதால், சுடரைக் கிட்டே கொண்டுபோனால் என் தொழிலே அன்றோடு முடிந்துவிடும். பையன்கள் நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார்கள். சரியான முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நுரை எந்தக் காலத்திலும் நுரைதான்.

கடலோர ஊரில் இந்தத் தொழில் செய்பவனுக்குக் கடல்தான் முதலாளி, கடல்தான் எதிரி. பாய் கடை வாசலில் அழுக்குத் துணி காயும் கயிறு ஒன்று உண்டு. அதுதான் எங்கள் வானிலை ஆய்வு மையம். நண்பகல் தாண்டித் துணி மேற்கே திரும்பி ஆடினால், "கடக்காத்து வந்துடுச்சு, டீ சொல்லு" என்பார். அன்றைக்கு வேலை குறைவு. மேற்குக் காற்று மல்லுக்கட்டிக் கடற்காற்றைக் கரையேற விடாத நாட்களில் துணி அசையாது, இரண்டு மணிக்கு மேல் ஃபோன் ஓயாது. 2003 மே 31, நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி என்று பதிவான அந்த நாளில், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் சோறு தின்றோம்.

அந்தக் கடற்காற்றுக்காகக் கூடுதல் லட்சங்கள் கொடுத்துப் பெசன்ட் நகரிலும் வால்மீகி நகரிலும் நீலாங்கரையிலும் வீடு வாங்குகிறார்கள். வாங்கின கையோடு பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு இறுக்கிச் சாத்திவிடுகிறார்கள். உப்புக் காற்று டிவியைக் கெடுக்கிறதாம். பிறகு ஏ.சி. மாட்டக் கூப்பிடுகிறார்கள். வெளியூனிட்டை எங்கே வைப்பது? அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த மாதிரி. ஆக, வீட்டில் கடற்காற்றை ஆசை தீர வாங்குவது அது ஒன்றுதான்.

நாலு கோடை தாண்டாது. அலுமினியத் தகடுகள் விரல் பட்டால் பழைய அப்பளமாக உதிரும்; செம்பில் களிம்பேறி, ஊசி நுனியளவு ஓட்டை விழுந்து, கேஸ் ஊரைப் பார்க்கப் போயிருக்கும். கூவம், அடையாற்று ஓரத்து வீடுகளில் வேறு கதை. அங்கே சாக்கடை வாயு செம்பைக் கறுக்க வைத்துத் தின்னும்; வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்கிற வீட்டில் ஏ.சி.யும் நிலைக்காது என்பது என் அனுபவம். இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தகட்டுக்கு நீலப் பூச்சு, பொன்னிறப் பூச்சு என்று கம்பெனிகள் வித்தை காட்டுகின்றன. கொஞ்சம் தாங்குகிறது, இல்லை என்று சொல்லவில்லை.

நானும் ஒரு காலத்தில் வித்தை காட்டியவன்தான். 1988இல் எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் வீடு. மிஷினைக் கடலிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று, கண்டென்சர் தகடுகளுக்கு அலுமினியப் பெயிண்டை இரண்டு கோட் அழுந்த அடித்தேன். வெள்ளித் தேர் மாதிரி ஜொலித்தது. "சார், இனி ஆயுசுக்கும் கவலையில்ல" என்று வாக்கும் கொடுத்தேன். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று போகிற சந்தெல்லாம் பெயிண்டால் அடைபட்டு, சூடு வெளியேற வழியில்லாமல், பத்தே நாளில் கம்ப்ரஸர் பிராணனை விட்டது. பாய் வந்து பார்த்தார். திட்டவில்லை. தகட்டை நகத்தால் சுரண்டிவிட்டு, "ஃபினிஷிங் நல்லா இருக்கு. பெயிண்டர் வேலைக்குப் போயிடு" என்றார். அவருடைய மருந்து ஒன்றே ஒன்று: வாரத்துக்கு ஒரு தடவை வெளிப்பக்கத்தை நல்ல தண்ணியில் கழுவு. இன்றுவரை எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்கிறேன். அவர்களும் சொன்னபடி கழுவுகிறார்கள், கடலோர போர்வெல்லில் வருகிற உப்புத் தண்ணீரால்.

டில்லியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் ஒன்று, 'ஹாட் அண்டு கோல்டு' மிஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தது. கவலையைத் திருப்பிப் போட்டு இறைக்கிற மிஷின். குளிர்காலத்தில் வெளியிலிருக்கும் சூட்டை மொண்டு அறைக்குள் கொட்டும். சித்திரை மாதம் அலறி அடித்துக் கூப்பிட்டார்கள், "ஏ.சி.யில் அனல் அடிக்கிறது" என்று. வால்வு சிக்கிக்கொண்டதோ என்று பாதி மிஷினைப் பிரித்த பிறகுதான் ரிமோட்டைப் பார்த்தேன். திரையில் சூரியன் படம். விளையாட்டுப் பிள்ளை எதையோ அழுத்தியிருக்கிறான். கூலி கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் போகவும் மனசு வரவில்லை.

இப்போது தொழிலைப் பார்ப்பது என் தங்கை மகன். மிஷினுக்கும் ஐந்து ஸ்டார் கேட்கிறார்கள், மெக்கானிக்குக்கும் ஐந்து ஸ்டார் கேட்கிறார்கள். நாங்கள் உறிஞ்சு குழாயைக் கையால் பிடித்து, பானகச் சொம்பு மாதிரி வேர்க்கிறதா என்று பார்த்து கேஸ் சரியா இல்லையா என்று சொல்வோம். அவன் தராசில் சிலிண்டரை வைத்துக் கிராம் கணக்கில் ஏற்றுகிறான். அன்று பாட்டி கேட்ட தராசு கடைசியில் வந்தேவிட்டது. "மாமா, நீங்க கை வெச்சுப் பாத்த மிஷினெல்லாம் எப்படித்தான் ஓடிச்சோ" என்று கேட்கிறான். பாதி ஓடவில்லை என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

போன மாசம் திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக்கு என்னையும் கூட்டிப்போனான். மொட்டைமாடியில் வெந்நீருக்கு ஹீட் பம்ப் மாட்டியிருக்கிறார்கள். காற்றிலிருக்கும் சூட்டை இறைத்துத் தண்ணீரில் விடுகிற மிஷின். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு கிடைக்கும், கீஸருக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு ஆனால் அதிகம். சூட்டை எடுத்துக்கொண்ட மிச்சக் காற்றை, ஜில்லென்று, விசிறி வழியாக வெட்டவெளியில் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. கீழே ஆறு மாடியிலும் ஏ.சி.கள் குளிரை உள்ளே வைத்துக்கொண்டு சூட்டை வெளியே கொட்ட, மேலே இது சூட்டைக் கீழே அனுப்பிவிட்டுக் குளிரை ஆகாயத்துக்குத் தானம் செய்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஊரே தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுப் படுத்த மொட்டைமாடி.

தங்கை மகன் ஃபோட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் மிஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். விசிறிக்கு நேர் எதிரே, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குப் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு தண்ணி பாட்டில், மடித்த யூனிஃபார்ம் சட்டை. பின்னாலேயே ஓடிவந்த வாட்ச்மேன், "அசோசியேஷன்ல சொல்லிடாதீங்க சார்" என்று கெஞ்சினார்.

"வெந்நீர் வர்றவரைக்கும் குளிர் வரும்" என்றேன். "நகருங்க, கொஞ்ச நேரம் நானும் உக்காந்துக்கறேன்."