இரண்டாம் பாதியில் கொஞ்சம் தொய்வு

திரைத்தீர்ப்பாளர் எனப்படுபவர், படம் எடுப்பதையோ நடிப்பதையோ அதைப்பற்றி எழுதி ஊதியம் பெறுவதையோ தொழிலாகக் கொள்ளாமல், கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவிலோ, மேல்நிலைப்பள்ளியின் ஆசிரியர் அறையிலோ, இரும்புக்கடைக் கல்லாவிலோ அமர்ந்தபடியே, வாரந்தோறும் வெளியாகும் படங்களின் தலையெழுத்தை அந்த வாரம் முடிவதற்குள் எழுதி முடித்துவிடுபவர் ஆவார். தமிழ்நாட்டில் இவரைத் தேடிப்போக வேண்டியதில்லை, தேநீர்க்கடைப் பெஞ்சில் அமர்ந்து "படம் எப்படி?" என்று பொதுவாகக் காற்றில் கேட்டால், பக்கத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுபவர் அவராகவே இருப்பார்.

பத்திரிகை விமர்சகரிடமிருந்து இவர் வேறுபடுவது ஒரே கூறில்தான். பத்திரிகை விமர்சகர் படத்தை மதிப்பிடுகிறார். திரைத்தீர்ப்பாளரோ படத்துக்காகத் தாம் செலவிட்ட அரைநாளை மதிப்பிடுகிறார். வண்டி நிறுத்துமிடத்தில் சில்லறை தராமல் விட்டது, முன்வரிசையில் இருந்தவர் படம் முழுவதும் கைப்பேசியைத் திறந்து திறந்து மூடியது, இடைவேளையில் வாங்கிய பப்ஸ் ஆறிப்போயிருந்தது ஆகிய அனைத்தும் இயக்குநரின் கணக்கிலேயே பற்று வைக்கப்படுகின்றன என்பதால், ஒரே படம் பால்கனியிலிருந்து பார்த்தவருக்குக் காவியமாகவும், தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவருக்குக் கண்றாவியாகவும் அமைந்துவிடுகிறது.

இவருக்கு வேகமே உயிர். பெரிய நடிகர்களின் படங்களுக்கு விடியற்காலை 4 மணிக்கே சிறப்புக் காட்சி நடந்த காலத்தில், பால்காரர் வருவதற்கு முன்பே எழுந்து சென்று, ஊர் பல் துலக்கும் நேரத்தில் தீர்ப்போடு திரும்பி வந்தவர் இவர். 2023 பொங்கலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்றானது இவருடைய வாழ்வில் விழுந்த பேரிடி எனலாம். அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று 'லியோ' வெளியானபோது கேரளத்தில் அதிகாலையிலேயே காட்சி தொடங்கிவிட்டதால், எல்லையோர ஊர்களில் வாழ்ந்த திரைத்தீர்ப்பாளர்கள் பாலக்காட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இரவோடிரவாகப் புறப்பட்டுச் சென்றார்கள். கொள்கையளவில் பார்த்தால், பேருந்துச் செலவு செய்து, தூக்கம் கெட்டு, மாநில எல்லையைக் கடந்து ஒருவர் படம் பார்ப்பது கலை ஆர்வம் போலவே தோன்றும். உண்மையில் அது, பக்கத்து வீட்டுக்காரர் கருத்துச் சொல்வதற்கு முன் தாம் சொல்லிவிட வேண்டும் என்னும் பொதுநல நோக்கத்தால் விளைவது.

இவருடைய கலைச்சொற்களுக்குத் தனி அகராதியே தேவைப்படும். 'லேக்' என்பது கதை நகராமல் நிற்கும் பகுதியைக் குறிக்கும் சொல்லாயினும், நடைமுறையில் அது இவர் கொட்டாவி விட்ட இடத்தைக் குறிக்கும். 'கனெக்ட் ஆகவில்லை' என்பது பாத்திரத்தின் துயரம் பார்ப்பவர் நெஞ்சைத் தொடவில்லை என்று பொருள்படுமாயினும், பெரும்பாலும் அந்த நேரத்தில் இவர் கைப்பேசியில் முதற்பாதி பற்றிய தீர்ப்பை நண்பர்களுக்குத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தார் என்பதே அதன் விளக்கம். 'ஒருமுறை பார்க்கலாம்' என்பது பாராட்டும் அன்று, கண்டனமும் அன்று. கேட்டவர் படம் பார்த்துவிட்டு வந்து பிடித்தது என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று கூறிக்கொள்வதற்காக எடுத்துவைக்கப்படும் முன்பிணை அது. 'இரண்டாம் பாதியில் கொஞ்சம் தொய்வு' என்பதோ, படம் பார்க்காமலும் கூசாமல் சொல்லத்தக்க ஒரே விமர்சனம். இன்றுவரை எந்தப் படத்துக்கும் அது பொருந்தாமல் போனதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனத்தில் எழுந்து உடலில் வெளிப்படும் உணர்வுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கிறது. திரைத்தீர்ப்பாளர் இவ்வெட்டையும் கைவிடாமல், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டுள்ளார். பெருமிதம் 'மாஸ்' ஆகவும், மருட்கை 'வேற லெவல்' ஆகவும், இளிவரல் 'கிரிஞ்ச்' ஆகவும், அழுகையும் உவகையும் ஒன்றாகச் சேர்ந்து 'ஃபீல்' ஆகவும் வழங்குகின்றன. நகைக்கு உரியது 'காமெடி நல்லா ஒர்க் அவுட் ஆகியிருக்கு' என்னும் வாக்கியம். அதைச் சொல்லும்போது இவர் சிரிப்பதில்லை. வெகுளி டிக்கெட் கிடைக்காதபோது எழுவது. எஞ்சிய அச்சம், நடிகரின் ரசிகர்கள் நான்குபேர் கூடியிருக்கும் இடத்தில் உண்மைக் கருத்தைக் கேட்டுவிட்டால் உண்டாவது.

மதிப்பெண் வழங்கும் முறையும் ஆராயத்தக்கது. தமிழில் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கத்தை ஆனந்த விகடன் பரவலாக்கியது; 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' அவ்விதழிடம் பெற்ற 62.5ஐ, தம் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மறந்துவிட்ட தந்தையர்கூட இன்றும் நினைவிலிருந்து சொல்வார்கள். அந்தக் கறார்த்தனம் திரைத்தீர்ப்பாளருக்கும் வாய்த்திருக்கிறது. எனினும் இவர் நூற்றைக் கைவிட்டு ஐந்துக்கு இறங்கிவிட்டதால், இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் இடையிலான கால் மதிப்பெண்ணுக்காக அரைமணி நேரம் தம்முடன் தாமே வாதாடுகிறார். பழந்தமிழ்க் கணக்கில் 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரி என்னும் பின்னம் வழக்கொழியாமல் இருந்திருந்தால், ஒளிப்பதிவுக்கு இரண்டு முந்திரி கூட்டியும் பாடலுக்கு ஒரு முந்திரி குறைத்தும் இவர் நீதி வழங்கியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

இவரை முழுமையாக அறிய வேண்டுமானால், இருவகைப் படங்களின் முன் இவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல்வகை 'ஃபீல் குட்' படம். வெட்டுக்குத்து இல்லாமல், வில்லன் இருந்தாலும் கடைசியில் திருந்தி, பார்ப்பவர் நெஞ்சை ஈரமாக்கி வீட்டுக்கு அனுப்பும் படத்துக்கு அப்பெயர். 2024 செப்டம்பரில் வெளியான 'மெய்யழகன்', சொந்த ஊரை விட்டுப் போன ஒருவர் தஞ்சைப் பக்கத்துத் திருமணத்துக்குத் திரும்பி வந்து, பெயர் நினைவில் இல்லாத உறவினர் ஒருவரின் அன்பில் அகப்பட்டுக்கொள்ளும் கதை. இருவரும் விடிய விடியப் பேசுவதே அதன் பெரும்பகுதி. திரைத்தீர்ப்பாளர் முதல் நாளே வெளியே வந்து, "நல்ல படம், ஆனா இருபது நிமிஷம் வெட்டலாம்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டதுபோலவே படக்குழு சில நாள்களில் சுமார் 18 நிமிடங்களை நீக்கியது. உடனே அவர், "உயிரான காட்சியை எல்லாம் வெட்டிட்டாங்க" என்று வருந்தத் தொடங்கினார். இவ்விரு கருத்துகளுக்கும் இடையே முரண்பாடு உண்டென்று அவரிடம் எடுத்துரைக்க முயன்றவர்கள், படத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இத்தகைய படங்களில் இவர் அழுவதுண்டு. ஆனால் அதை ஒப்புக்கொள்வதில்லை. கண்கள் சிவந்திருப்பதைக் கண்டு, "ஏங்க, அழுதீங்களா?" என்று மனைவி கேட்டால், ஏசியின் குளிர்காற்று நேராகக் கண்ணில் பட்டது என்று விடையளித்துவிட்டு, திரைக்கதையில் மிகையுணர்ச்சி சற்றே தூக்கல் என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறார். தம்மை அழவைத்ததற்கான தண்டத்தொகை அது.

இரண்டாம் வகை 'பிளாக்பஸ்டர்'. இரண்டாம் உலகப்போரின்போது, கட்டடங்கள் நிறைந்த ஒரு பகுதியையே தரைமட்டமாக்க வல்ல பெருங்குண்டுக்கு வழங்கிய பெயர் இது. பின்னர் வசூலைக் குவிக்கும் படத்துக்கு ஆகிவந்தது. நடிகர் தோன்றும் முதற்காட்சியில் திரையரங்கத்தில் எழும் ஒலியைக் கேட்டவர்கள், பெயர் அப்படியொன்றும் இடம்மாறிவிடவில்லை என்று கருதக்கூடும். இங்கே திரைத்தீர்ப்பாளர் கணக்குப்பிள்ளையாக மாறிவிடுகிறார். உலகளாவிய வசூல் எத்தனை கோடி, அதில் தயாரிப்பாளரின் பங்கு எவ்வளவு, வரி போக மிச்சம் எவ்வளவு என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் இவருக்கு, அந்தக் கோடிகளில் ஒரு ரூபாயும் சேரப்போவதில்லை என்பது மட்டுமன்றி, அவற்றில் சில நூறு ரூபாய் இவர் கையிலிருந்தே போயிற்று என்பதும் நினைவில் இருப்பதில்லை.

2025 மே 1 அன்று, பெரிய நடிகரின் 'ரெட்ரோ'வும், இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்து ஒளிந்து வாழும் குடும்பத்தின் கதையான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வெளியாகின. சின்னப் படங்களை மக்கள் ஆதரிக்க வேண்டும் என்று அன்று மாலை தேநீர்க்கடையில் முழங்கியவர் திரைத்தீர்ப்பாளரே. காலையில் அவர் பார்த்துவிட்டு வந்தது பெரிய படம். சின்னப் படத்தை அவர் ஓடிடியில் வந்தபின் ஆதரித்தார்.

பழைய படங்களைப் பற்றிய இவருடைய நினைவும் வியப்புக்குரியது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' திரையரங்குகளில் தோற்று, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டுப் புகழ்பெற்ற படம். "அப்பவே காலியான தியேட்டர்ல உட்கார்ந்து பார்த்தவன் நான், சனங்களுக்கு ரசனை போதவில்லை" என்று இன்று சொல்லாத திரைத்தீர்ப்பாளரைக் காண்பது அரிது. அப்படிச் சொல்வோர் அனைவரும் அன்று உண்மையாகவே திரையரங்கத்துக்குச் சென்றிருந்தால், படம் வெள்ளிவிழாவே கண்டிருக்கும்.

இவர்களின் வலிமையைத் திரையுலகம் அறியாமல் இல்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்காரர்கள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கக்கூடாது என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வாயிலில் ஒலிவாங்கிக்கு எதிரே முண்டியடித்து நின்ற திரைத்தீர்ப்பாளர் இதைத் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியாகக் கருதவில்லை. தம் பேச்சுக்குக் கோடிகள் அஞ்சுகின்றன என்பதற்குக் கிடைத்த சான்றிதழாகவே ஏற்றுக்கொண்டு, தெருமுனையில் கடையை விரித்தார்.

எனினும் இவருடைய தீர்ப்பைக் கொண்டு படத்தை எடைபோடுவது பிழை. அதைக் கொண்டு இவரையும் எடைபோட இயலாது. இவரை எடைபோடுவதற்குரிய இடம் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், சாப்பாட்டுக்குப் பின், தொலைக்காட்சியின் முன். புதிய படத்தில் லாஜிக் இல்லை, அதாவது நிகழ்வுகளுக்கு இடையே காரணகாரியத் தொடர்பு இல்லை, என்று இரண்டேகால் வழங்கிவிட்டு வந்தவர், சேனல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், 2004இல் வந்த 'கில்லி'யில் ரிமோட்டை நிறுத்துகிறார். வீட்டு மாடியறையில் ஒரு பெண்ணைக் குடும்பத்துக்கே தெரியாமல் எப்படி ஒளித்துவைக்க முடியும் என்று அவர் இந்த இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 2024 ஏப்ரலில் அப்படம் மீண்டும் திரைக்கு வந்தபோது, வீட்டில் இலவசமாகப் பார்ப்பதைப் பணம் கொடுத்து மறுபடி பார்த்தார். அதற்கு மதிப்பெண் போட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. ஆகவே எந்தப் படத்துக்குப் போகலாம் என்று அறிய விரும்பும் வாசகர்கள், திரைத்தீர்ப்பாளரிடம் கருத்துக் கேட்பதைக் காட்டிலும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டுச் சன்னலைக் கடந்து செல்லும்போது சற்றுக் காது கொடுப்பதே நலம்.