நின்ற திருக்கோலம்

வைணவத் திருத்தலங்களிலே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் பக்தர்களுக்குச் சேவை சாதிப்பது வழக்கம். ஆனால் பிரான்சு தேசத்தின் புராதன நகரம் ஒன்றை, வழிகாட்டியின் பின்னே கால்நடையாகச் சென்று பார்ப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டு புறப்படுகிற பிரயாணிக்கோ, மூன்றனுள் முதலாவது கோலம் ஒன்றே விதிக்கப்பட்டிருக்கிறது. நடப்பதற்கென்று கால்களைச் சித்தப்படுத்திக்கொண்டு வந்தவன் நாலு எட்டு வைப்பதற்குள் நிறுத்தப்படுகிறான். நின்ற இடத்திலே ஒரு நூற்றாண்டு முழுவதும் அவன் காதுவழியே கடந்து சென்ற பிறகுதான் அடுத்த நாலு எட்டுக்கு அநுமதி கிடைக்கிறது.

நார்மண்டியிலே, சேன் நதிக்கரையில் அமைந்த ரூவான் நகரத்தில் எனக்கு இந்தப் பாக்கியம் சித்தித்தது. எங்களை அழைத்துச் சென்ற அம்மையார் சரித்திரத்தில் கரை கண்டவர்; குரல்வளத்திலும் குறைவில்லாதவர். கூட்டத்தில் எவரும் வழி தவறிவிடாதபடி, மடக்கிய குடை ஒன்றை அடையாளமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். ரூவான் மழைக்குப் பேர்போன ஊர். தூறல் விழுந்ததும் நாங்கள் அனைவரும் குடைகளை விரித்துக்கொண்டோம். அவர் மட்டும், விரித்தால் தம்முடைய குடையும் பத்தோடு பதினொன்றாகிவிடும் என்ற கடமையுணர்ச்சியினாலே, மடக்கிய குடையை வானை நோக்கி நீட்டியபடியே நனைந்துகொண்டு பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அப்படிப்பட்ட தியாகமூர்த்தியின் எதிரிலே, "அம்மா, சற்றே உட்காரலாமா?" என்று கேட்க யாருக்குத்தான் நா எழும்?

முதலில் நோட்ரடாம் பேராலயத்தின் முன்னால் நின்றோம். 1876ஆம் ஆண்டில் அதன் நடுவிலுள்ள இரும்புச் சிகரம் பூர்த்தியானபோது, 151 மீட்டர் உயரத்தோடு, உலகத்திலேயே மிக உயர்ந்த கட்டடம் என்ற கீர்த்தியை அது நாலாண்டுக் காலம் அநுபவித்ததாம். ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது அதுவன்று. முகப்பின் வலப்புறத்தில், 1485இல் தொடங்கிப் பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலே கட்டி முடிக்கப்பட்ட வெண்ணெய்க் கோபுரமே. தவக்காலத்து நாட்களில் வெண்ணெய் உண்ணலாகாது என்பது அக்காலத்துத் திருச்சபையின் நியமம். நார்மண்டியோ பாலும் வெண்ணெயும் பெருகிக் கிடக்கும் சீமை. நியமத்துக்கும் நாவுக்கும் நேர்ந்த இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, காணிக்கை செலுத்துவோருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அந்தக் காணிக்கையிலே எழுந்ததாகச் சொல்லப்படுவதனால்தான் கோபுரத்துக்கு இந்தப் பெயர். நாவை அடக்கிய புண்ணியவான்கள் மோட்சத்துக்குப் போயிருக்கக்கூடும். அடக்க முடியாதவர்களோ ஊருக்கு ஒரு கோபுரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குளோத் மொனே என்னும் ஓவியர், 1892, 1893 ஆகிய ஆண்டுகளில், எதிர்ப்புறத்துக் கட்டடங்களின் மாடியறைகளிலே இடம் பிடித்து, இதே முகப்பைக் காலை வெயிலிலும் மாலை மஞ்சளிலும் மூடுபனியிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட படங்களில் தீட்டினார் என்று அம்மையார் கூறினார். மற்றவர்கள் அந்தக் கலைஞருடைய கண்ணை வியந்தார்கள். நான் அவருக்கு வாய்த்த அறையை எண்ணிப் பொறாமை கொண்டேன். மேலே கூரை, எதிரே ஜன்னல், வேண்டும்போது இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு நாற்காலி! பேராலயம் அவருக்கு எதிரே நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்ததே தவிர, அவரும் அதற்கு எதிரே நின்றாக வேண்டும் என்று எந்த வழிகாட்டியும் விதிக்கவில்லை.

உள்ளே சென்றால், 1199இல் மாண்ட சிங்கநெஞ்சன் ரிச்சர்டு மன்னரின் நினைவுச்சின்னம். அவருடைய உடல் ஃபொந்தெவ்ரோ மடத்திலும், குடல் ஷாலுவிலும் இருக்க, இருதயம் மட்டும் ரூவானுக்கு வந்து சேர்ந்தது. கல்லுருவிலே மன்னர் காலை நீட்டி ஆனந்தமாகப் படுத்திருக்கிறார். ஒரு தேகத்தை இப்படிப் பகுத்துவைப்பதன் சௌகரியம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. காதையும் கண்ணையும் அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கால்களை மட்டும் விடுதிக்கு அனுப்பிவைக்க ஓர் உபாயம் இருந்திருக்குமேயானால், சரித்திரத்தின்மீது எனக்குள்ள சிரத்தை இரட்டிப்பாகியிருக்கும்.

அங்கிருந்து பெரிய கடிகார வீதி. வீதியின் குறுக்கே கட்டிய வளைவின்மேல், பொன்முலாம் மின்னும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் பழைய இயந்திரம் பதினாலாம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. அந்தக் கடிகாரத்துக்கு முள் ஒன்றுதான். அது மணியைக் காட்டுமேயன்றி நிமிஷத்தைக் காட்டாது. "இன்னும் பத்தே நிமிஷந்தான்" என்னும் வாக்குறுதியை அம்மையார் அத்தனை தாராளமாக வழங்கிவந்ததன் ரகசியம் எனக்கு அங்கேதான் புலனாயிற்று. பத்து நிமிஷம் கழிந்துவிட்டது என்று சாட்சி சொல்ல அந்த ஊர்க் கடிகாரத்துக்கே வகையில்லை.

கடைசியாகப் பழஞ்சந்தைச் சதுக்கம். 1431ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, சுமார் பத்தொன்பது வயதுப் பெண்ணாகிய ஜோன் ஆஃப் ஆர்க்கை உயிரோடு எரித்த இடம் அதுதான். அவளைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு செல்லாது என்று 1456இல் அறிவித்தார்கள். 1920இல் புனிதையாகவும் உயர்த்தினார்கள். அந்த இடத்தில் மட்டும் என் கால்களைப் பற்றிய நினைவு எனக்கு வரவில்லை; வந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

ஆனால் சதுக்கத்தைச் சுற்றிலும் உணவுவிடுதிகள் இருந்தன. அவற்றின் வாசல்தோறும் காலி நாற்காலிகள் இருந்தன. அம்மையார் குடையைத் தாழ்த்தி, "எவருக்கேனும் சந்தேகம் உண்டா?" என்று வினவினார். இத்தகைய கூட்டம் ஒவ்வொன்றிலும் தவறாமல் ஒரு பெரியவர் இருப்பார் அல்லவா? அவர் கையை உயர்த்தி, நார்மண்டிப் பிரபுக்களின் வம்சாவளியை ரோலோவிலிருந்து தொடங்கி விளக்குமாறு கேட்டுக்கொண்டார். குடை மீண்டும் உயர்ந்தது. 911ஆம் ஆண்டில் ரோலோ அந்தச் சீமையைப் பெற்ற வரலாறு ஆரம்பமாயிற்று.

அப்போது என் உள்ளத்தில் ஒரு யோசனை உதயமாயிற்று. வெண்ணெய்க்கு விலக்கு வழங்கிய இந்த ஊர், ஆசனத்துக்கும் விலக்கு வழங்கினால் என்ன? மன்னர் ஒருவருக்கு இவ்வளவு, முற்றுகை ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் விதித்துவிட்டால், அஸ்திவாரச் செலவு முழுவதையும் எங்கள் கூட்டமே அன்றைக்கே மனமுவந்து செலுத்தியிருக்கும். அடுத்த கோடைக்குள் பேராலய முகப்பில் நாற்காலிக் கோபுரம் என்று மூன்றாவதாக ஒன்று எழுந்துவிடும். அந்தக் கோபுரம் எழுந்த காரணத்தை அதன் அடியிலே நிறுத்திவைத்து விளக்குவதற்கு இன்னும் ஒரு வழிகாட்டி வேண்டியிருக்குமே என்பதுதான் இந்த யோசனையிலுள்ள ஒரே சங்கடம்.