பொருள்: குளம் பச்சையானதற்குப் பாராட்டு தெரிவித்தல்

அனுப்புநர்:
பிச்சியும் அரளியும் பயிரிடும் ஒருவர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
எங்கள் ஊர்க் குளத்துக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்
(எந்தத் துறை என்பதைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).

மதிப்பிற்குரிய ஐயா,

பாசனச் சானலில் தண்ணீரை நிறுத்தி வெயில் ஏறியதும் எங்கள் ஊர்க் குளம் கரைக்குக் கரை பச்சையாகிவிட்டது. பசுமைத் திட்டத்துக்கு இலக்கு வைத்து அரசே திணறும் காலத்தில், ஒரு கன்றுகூட நடாமல் இவ்வளவு பரப்பைப் பச்சையாக்கிக் காட்டிய தங்கள் நிர்வாகத்துக்கு முதற்கண் என் பாராட்டுகள்.

காலையில் போய்ப் பார்த்தால் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. உள்ளங்கையில் அள்ளினால் ஊசிமுனை அளவுத் துகள்கள் ஒட்டுகின்றன. காற்று ஒதுக்கிய மூலையில் ஏடு காய்ந்து நீலம் பாரித்துக் கிடக்கிறது. விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

மனு கொடுக்க யாரிடம் போவது என்று விசாரித்தேன். கரையும் மடையும் ஒரு துறை. மீன்பாசிக் குத்தகை இன்னொன்று. உள்ளே விழும் சாக்கடை ஊராட்சி. தண்ணீரின் தரம் வேறொரு வாரியம். நாற்றம் மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே அதை ஊர்க்காரர்கள் நாங்களே பராமரித்து வருகிறோம்.

“பாசிதானே, மழை பெய்தால் போய்விடும்” என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். பாசியை நானும் குறைத்துப் பேச மாட்டேன். உலகத்தில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதி, தண்ணீரில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்கள் கொடுப்பது. மீன் குஞ்சுக்குத் தீனியும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அளவு மீறினால், பகலில் கொடுத்த ஆக்சிஜனை இரவில் அதுவே மூச்சுவிட்டுத் தீர்க்கிறது. செத்து அழுகும்போது மிச்சமும் போகிறது. தவிர, குளத்தில் இப்படி ஏடு கட்டுவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒன்று, உடம்பில் காற்றறை வைத்துக்கொண்டு வெயிலைத் தேடி மேலே ஏறி வரும். அதன் சில வகைகள் சுரக்கும் நஞ்சு நேராகக் கல்லீரலைத் தாக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த நீர் டயாலிசிஸுக்குப் போய் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒரு ஏரியின் குறுக்கே திரை கட்டினார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சையானது. அதே சோதனையைத் தாங்கள் திரைச் செலவுகூட இல்லாமல் நடத்துகிறீர்கள். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் ஒரு ஓடையில், வயல்களிலிருந்து கழுவி வரும் பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி. இன்னொரு ஓடையில் என்று குளத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு. முடிவு மட்டும் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

வைத்தியமாகக் கரையில் நடைபாதையும் நடுவில் நீரூற்றும் வரப்போவதாகக் கேள்வி. மிக்க மகிழ்ச்சி. பாசியைக் கொல்ல மயில்துத்தம் தூவலாம் என்றும் பேச்சிருக்கிறதாம். அதில் ஒரு சிறு சங்கடம்: பாசி செத்து உடைந்தால், அதற்குள் அடைந்திருந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலந்துவிடும். பச்சை போய்விடும், நஞ்சு தெளிவாக நிற்கும்.

கடலிலும் இப்படி நடப்பதைத் தாங்கள் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். 2004 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞம் பக்கத்துக் கடல் நாறி, குமட்டலோடு பலர், அதிலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். 2019இல் நாக்டிலூக்கா என்ற மிதக்கும் நுண்ணுயிர் பெருகி மன்னார் வளைகுடா பச்சையானது. மண்டபம், பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. ஆனால் கடலில் பருவக்காற்று அடியிலிருந்து கிளறிவிடும் சத்துக்கும் பங்குண்டு. எங்கள் குளத்துக்கு ஆழ்கடல் கிடையாது, ஐயா. வந்ததெல்லாம் ஓடை வழியாக வந்ததுதான்.

இது எங்கள் குளத்தோடு நிற்பதும் இல்லை: எங்கள் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பலவற்றின் மறுகால் தண்ணீர் பழையாற்றில் விழுந்து மணக்குடிக் காயலுக்குப் போகிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சர் ஈரநிலம் என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் குளத்துக்குத்தான், அதற்குள் வந்து விழுவதற்கு இல்லை.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து:

1. நீரூற்றுக்கு ஒதுக்கும் தொகையில், சாக்கடை ஓடையைக் குளத்துக்கு முன்பே மறித்துச் சுத்திகரிக்க வேண்டும்.

2. ஜூனில் சானலுக்கு அணைநீர் திறப்பதற்குள் வண்டலை அள்ள அனுமதிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டி.ஏ.பி.யில் ஒரு பங்கு அங்கேதான் கிடக்கிறது. எங்கள் வயலுக்கே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்.

3. ஒரு சொட்டுத் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்து, இருப்பது இன்ன பாசி என்று கரையில் பலகை வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு எங்கள் ஊர்ப் பூமாலையான மாணிக்க மாலை எங்கள் செலவு.

இப்படிக்கு,
தங்கள் பசுமைப் புரட்சியால் பயனடைந்தவன்.

இணைப்பு: குளத்துநீர், ஒரு புட்டி. அலுவலகக் காபிக்கு எடுத்துவிட வேண்டாம். 2014இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் குழாய்நீரில் இதே பாசி நஞ்சு கலந்தபோது, கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள் என்று சுமார் 5 லட்சம் பேருக்குச் சொன்னார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும்.