லோன் வேணுமா சார்?

கேள்வி: மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் போதும், ‘பர்சனல் லோன் வேணுமா சார்?’ என்று போன் வந்துவிடுகிறது. இவர்களைத் தட்டிக்கேட்கச் சட்டமே கிடையாதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏன் இல்லை? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே விதிமுறை போட்டுவிட்டது. 1909-க்கு போன் செய்து ‘தொந்தரவு வேண்டாம்’ என்று பதிந்துகொள்ளலாம். விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணில் லோன் விற்க வருகிறவர் மாறுவேடத்தில் வருகிறார் என்று அர்த்தம். 7 நாளுக்குள் புகார் செய்யுங்கள். 2025-ல் வந்த திருத்தத்தின்படி, முன்பே பதிந்துகொள்ளாதவரும் புகார் தரலாம்.

அமெரிக்காவில் இன்னும் விசேஷம். அங்கே 1991-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி வாங்காமல் பதிவுசெய்த குரலில் மொபைலுக்கு விளம்பரம் செய்தால், போனை எடுத்தவரே வழக்குப் போட்டு அழைப்புக்கு 500 டாலர் கேட்கலாம். தெரிந்தே செய்திருந்தால் 1,500 வரை போகும். 2024 முதல் ஏ.ஐ. குரலுக்கும் இதே கதிதான்.

அந்தச் சட்டம் மட்டும் இங்கே வரட்டும், ‘லோன் வேணுமா?’ என்று கேட்பவரிடம், ‘வேண்டாம் தம்பி, நீங்கள் தினமும் நாலு தடவை கூப்பிட்டாலே போதும்’ என்று சொல்லிவிடலாம்!