லாச்சிப் பிரகரணம்

அம்பேபுஸ்ஸவில் தொடங்கிக் குருநாகல் வழியாகத் திருகோணமலை வரை நீளும் ஏ-6 நெடுஞ்சாலையில், தம்புள்ளைக்குச் சற்று முன்னர் எதிர்ப்படும் கலேவெல என்னும் சிறுநகரின் கடைத்தெருவில் ஒருவன் அரைமணி நேரம் நின்று, அவ்வழியே போகும் கெப் வண்டிகளின் பின்தட்டுகளை மாத்திரம் நோக்குவானாயின், உலகத்தின் அநித்தியத்தைப் பற்றி வேதாந்த நூல்கள் போதிப்பதற்கு மேலாகவே கற்றுக்கொள்வான். மண்வெட்டியும், தண்ணீர்ப் பம்பும், வெங்காய மூட்டையும், யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பும் அங்கே எவ்வித பேதமுமின்றி ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கிடக்கும். இந்த விபரீதத்துக்குப் பரிகாரமாக, வண்டித்தட்டின்மேல் பலகைப் பெட்டி ஒன்றை அமைத்து, அதனுள் இழுத்து மூடத்தக்க லாச்சிகள் இரண்டைப் பொருத்தும் வித்தையை எவரேனும் சாஸ்திரீயமாக விசாரிக்க வேண்டும் என்று நெடுநாள் காத்திருந்து, எவரும் முன்வராமையால், அவ்வித்தையில் பணத்தையும் முதுகையும் ஒருங்கே இழந்தவனாகிய நானே எழுதத் துணிந்தேன்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் புது வண்டி வாங்கும் ஆசையுடையோர் யாவரும் பழைய வண்டியை அலங்கரிக்கும் ஞானத்தை அடைந்தார்கள். என் வண்டிக்கு லாச்சி வந்ததும் அந்த ஞானத்தின் பயனே.

இனி, பெயராராய்ச்சி. இந்தியத் தமிழர் இழுப்பறை என்று செந்தமிழில் எழுதுவதையே ஈழத்தவர் லாச்சி என்பர். சிங்களவர் லாச்சுவ என்பர். இரண்டும் ஒல்லாந்தரின் 'லாட்யே' என்னும் சொல்லின் சந்ததி. மேசை, கதிரை, அலுமாரி ஆகியவற்றைப் போர்த்துக்கேயர் தந்து சென்றிருக்க, அவற்றுக்குள் இழுத்து மூடும் பகுதியை மாத்திரம் ஒல்லாந்தர் தந்தமை அவ்விரு ஜாதியாரின் சுபாவ பேதத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம். அதை அடித்துப் பொருத்தும் தச்சரை நாம் பாஸ் என்று அழைப்பதும் ஒல்லாந்தர் வழக்கே. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கலேவெல கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட பூமி. ஒல்லாந்தர் அதை ஒருநாளும் ஆண்டதில்லை. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைக்கொண்டபோது, ஒல்லாந்தர் கரையோரத்தையும் இழந்து பத்தொன்பது வருஷங்கள் ஆகியிருந்தன. பீரங்கி ஏறி நிலைக்க முடியாத மலைநாட்டில் லாச்சி சத்தமின்றி ஏறி வந்து இன்றுவரை ஆட்சி புரிகிறது.

லாச்சிக்கு முன்னர் நம்மவரிடம் இருந்தது பெட்டகம். கனத்த பலகையாலாகி, மூடியை மேல்நோக்கித் திறக்கும் இந்தப் பெரும் பேழைகளில் சிலவற்றுக்கு நகர்த்துவதற்காக நான்கு சில்லுகளும் இருந்தன. ஆகவே சில்லின்மேல் சாமான் வைக்கும் தத்துவத்துக்குக் கெப் வண்டி ஆதிகர்த்தா அன்று. பெட்டகத்தைப் பற்றிய பூர்வபட்சம் யாதெனில், வேண்டிய பொருள் எப்போதும் அடியிலேயே கிடக்கும் என்பது. உண்மைதான், நான் மறுக்கவில்லை. எனினும் பெட்டகம் திறப்பதற்கு ஆகாயத்தை மாத்திரமே யாசிக்கிறது. ஆகாயத்துக்குச் சொந்தக்காரர் எவரும் இலர். லாச்சியோ நிலத்தை யாசிக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்தில் எத்தனை துன்பம் பொதிந்துள்ளது என்பதைப் பின்னர் அநுபவ வாயிலாக நிரூபிப்பேன்.

நிர்மாணம் பற்றிச் சொல்வதாயின், எட்டடிக்கு நாலடி அளவான முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டு வாங்க வேண்டும். இரட்டைக் கெப்பின் தட்டு நீளத்தில் ஏறக்குறைய ஐந்தடி. சில்லுகளுக்கு மேலே இருபுறமும் புடைத்து நிற்கும் வளைவுகளுக்கு இடைப்பட்ட அகலமோ மூன்றரை அடிக்குச் சற்றே அதிகம். எனவே, எந்த வண்டியைச் சீர்ப்படுத்துவதற்காகப் பலகை வாங்கப்படுகிறதோ அந்த வண்டியிலேயே அந்தப் பலகை சமமாகப் படுக்க மறுத்து, வளைவுகளின்மேல் ஏறி அமர்ந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, செம்பழுப்புத் துணி ஒன்றை வாலாகக் கட்டிய நிலையில் ஊர்வலம் வருகிறது. பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் நிறை. ஆதலால் ஓர் ஆணியைக்கூட ஏற்றுமுன்னரே வண்டி ஒரு வயது வந்த மனிதரைப் பின்னால் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. தனிப் பலாப்பலகையில் செய்தால் என்ன என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் மரம் தன் நாருக்குக் குறுக்கே ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கும் தன்மையுடையதாகையால், வடகீழ்ப் பருவமழையில் இறுகித் திறவாமலும், யால போகத்துக் காய்ச்சலில் தளர்ந்து ஓயாமல் தாளம் போட்டும் உயிரை வாங்கும் என்று பாஸ் விளக்கினார். ஒட்டுப்பலகையின் ஏடுகளோ ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் பருமலை அடுத்தது பிடித்து நிறுத்துகிறது.

அடுத்தது, லாச்சி ஓடும் இரும்புச் சனல். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சோடி நாற்பத்தைந்து கிலோ தாங்கும் என்பார்கள். முழுவதும் இழுத்த லாச்சியின் நுனியில் யாராவது இளைப்பாற அமர்வதை அந்தக் கணக்கு உட்கொள்ளாது. பெட்டியைத் தட்டுடன் போல்ட் வைத்து முறுக்காவிடில், பாரமேறிய லாச்சி வெளியே வந்ததும் பெட்டி முழுவதும் நெம்புகோல் சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டு முன்புறத்தில் எழும்பி, பின்புறத்தில் நம்மை நோக்கிக் குனிந்து வணங்கும்.

இவ்விடத்தில் தாதுசேன மன்னனை நினைக்காமலிருக்க இயலவில்லை. நம் ஊருக்கு வடக்கே 5ஆம் நூற்றாண்டில் அவன் கட்டுவித்த கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசென்ற யோத எலவில், முதற் பதினேழு மைலுக்கு மைலொன்றுக்கு ஆறு அங்குலமே சரிவு என்று நீர்ப்பாசன நூலோர் வியப்பர். அத்தகைய நுண்ணிய சரிவைக் கண்டறிய அக்காலத்துச் சிற்பிகள் என்ன கருவி கொண்டார்களோ, எனக்கு என் லாச்சி போதும். குண்டு பெயாரிங் வைத்த சனல் கண்ணுக்குத் தெரியாத சாய்வையும் உணர்ந்துவிடும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் தாழ்த்தினால், கொண்டி போடாத லாச்சி தானே புறப்பட்டு வந்து நாபிக்கு நேரே இடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் உள்ளிருக்கும் சகலமும் எட்டாத முனைக்குப் போய்ச் சேரும்.

இனிச் சித்தாந்தம். பெட்டி பூட்டி முடித்த அன்று, பாஸ் நானா தேநீரைக் குடித்துக்கொண்டே, "சேர், நாலரை அடி லாச்சிக்குப் பின்னுக்கு நாலரை அடி எடம் ஈக்கோணும்" என்றார். எளிய மனிதரின் எளிய வாக்கு என்று நான் அதை மதிக்கவில்லை. விவசாயக் கிணறுகளுக்குத் தண்ணீர்ப் பம்பு திருத்துவது என் தொழில். ஃபுட்வால்வு, வாஷர், பெல்ட் வலப்புறம், ஸ்பனர்கள் இடப்புறம் என்று பிரித்து அடுக்கி, ஒரு வாரம் வரை தெருவில் கண்டவரையெல்லாம் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன்.

பெரிய வெங்காயம் விளையும் பருவத்தில், வியாபாரிகள் கூடும் ஒரு முற்றத்தில், முன்னால் மூட்டை இறக்கும் லொறியும் பின்னால் மூட்டை ஏற்றிய லொறியுமாக நடுவில் அகப்பட்டேன். பின்னால் நின்ற லொறி புறப்பட வேண்டும், ஸ்டார்ட் ஆகவில்லை, பற்றரி முனை தளர்ந்திருந்தது. சாரதி என்னிடம் வந்து, "அண்ணே, பத்தாம் நம்பர் ஸ்பனர் இருக்கா?" என்றார். இருந்தது, லாச்சிக்குள் இருந்தது. லாச்சி திறக்க வேண்டுமாயின் லொறி நகர வேண்டும். லொறி நகர வேண்டுமாயின் லாச்சி திறக்க வேண்டும். அந்நியோந்நியாசிரய தோஷத்துக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தத்தைத் தர்க்க நூல்களில் நான் கண்டதில்லை.

நாட்டாமைமார் நால்வர் (மூட்டை சுமப்போருக்கு இலங்கையில் அப்பெயர், இந்திய வாசகர் ஊர்த்தலைவர் நால்வர் வந்ததாக எண்ண வேண்டா) லொறியைத் தள்ளினர். அதன் பின்னே டிராக்டர் ஒன்று நின்றமையால் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. பின்கதவு பாதி தாழ்ந்தது. லாச்சி பத்து அங்குலம் வந்தது. அவர்களுள் மெலிந்தவர் ஒருவர் தோள்வரை கையை விட்டும் எட்டாமல், குடைப்பிடியால் கொளுவி இழுக்க, முதலில் வந்தது ஃபுட்வால்வு, அடுத்து வந்தது, மச்சான் எடுத்துப்போனதாக ஆறு மாதம் நான் சந்தேகித்த டோர்ச் லைற், மூன்றாவதாக ஸ்பனர். பன்னிரண்டாம் நம்பர்.

அதற்குள் சாரதி பற்றரி முனையின் இடுக்கில் ஓர் ஆணியைச் செருகிக் கல்லால் தட்டியிருந்தார். லொறி உறுமிற்று, டிராக்டரும் விலகிற்று, எல்லோரும் போனார்கள். எனக்குப் பின்னால் பதினைந்தடி வெளி கிடந்தது. நான் நாலரை அடியையும் நிதானமாக இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தாம் நம்பர் ஸ்பனர் வலப்பக்க லாச்சியில் இருந்தது.