பள்ளத்தில் தாவும் பல்லவி

கேள்வி: பஸ்ஸில் பாட்டுக் கேட்க சி.டி. பிளேயர் வாங்குவதா, எம்.பி.3 பிளேயரா? வீட்டில் பெட்டி நிறைய இளையராஜா சி.டி. இருக்கிறது.

பதில்: பஸ் என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. சி.டி. பிளேயரில் லேசர், சுழலும் தட்டின் மேல் நூல் பிடித்தமாதிரி போகவேண்டும். வண்டி பள்ளத்தில் இறங்கினால் பல்லவி சரணத்துக்குத் தாவிவிடும். சில நொடிப் பாட்டை முன்கூட்டியே சேமித்துச் சமாளிக்கும் மாடல்கள் உண்டு. நம் சாலையின் பள்ளங்கள் அந்த நொடிகளைவிட நீளம். மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்டு மடியில் குழந்தைபோல் ஏந்திக் கேட்டவன் சொல்கிறேன், எம்.பி.3 பிளேயரே வாங்குங்கள். 80 நிமிட சி.டி.யின் 700 எம்.பி. இடத்தில், 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் சுமார் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். ஆனால் ராஜாவின் வயலின்களுக்கு 128 போதாது; 320-இல் ஏற்றுங்கள். பெட்டியை மட்டும் மச்சானுக்கு இரவல் தராதீர்கள்.